குப்பியில் இருந்தது

"ஆட்டுக்கறி பக்கத்துலயா என் பிள்ளையோட கதெப்சினை வைப்பே? முதல்ல கறியை வெளியே எடுடி!"

ஸாவித்ரி மாமியின் சத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்கோடி வரை கேட்டது.

"நல்லாருக்கே! ஒங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேருன்னு எடம் குடுத்தா, எங்க கறிய வெரட்டுதீகளே மாமி!" என்றாள் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய்.

மாமிக்கு வேறு போக்கிடம் இல்லை. மகன் சடகோபன் மதுரையில் மூன்று வருஷம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த நொதி, அந்தக் கதெப்சின். கல்லூரியில் ஸ்டிரைக் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். குளிர் குறைந்தால் நொதி போச்சு, டாக்டர் பட்டமும் போச்சு.

"அப்படி என்ன மாமி அம்புட்டு ஒசத்தி?"

"செல்லுக்குள்ளே இருந்து புரதத்தை ஜீரணம் பண்ற வஸ்துடி. மாம்ச வாடை பட்டாலே தோஷம்!"

சண்முகத்தாய் முணுமுணுத்துக்கொண்டே கறியை அடுப்பில் ஏற்றினாள். மாமி ஃப்ரிட்ஜைத் துடைத்து, தீர்த்தம் தெளித்து, குப்பியை வைத்தாள். சடகோபன் சுவர் ஓரமாய் ஒதுங்கி நின்றான்.

சண்முகத்தாயின் மகள் செல்லத்தாய் குப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, சடகோபனைக் கைகாட்டினாள்.

"இம்புட்டுத்தான் தேறிச்சா? இவிய கறிக்கடையில நின்னா ஊர் பேசும்னு, வாராவாரம் ஊருக்கு வாரப்ப எத்தன ஆட்டு மண்ணீரல் வாங்கிக் குடுத்தேன்!"

மாமி மகனைப் பார்த்தாள்.

"அதுலேர்ந்துதாம்மா எடுக்கணும்" என்றான் சடகோபன், தரையைப் பார்த்து.

பட்டம் வந்தது. செல்லத்தாயைக் கட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குக் குடிபோனான். அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள் மாமி. பேத்தி பிறந்த சேதி கேட்டு முதல் பஸ்ஸில் போனவள், இன்னும் திரும்பவில்லை.