தேசிக்காய் பிழிந்த பால்

வவுனியாவில் இருந்து ராஜினி வந்த வேகத்துக்கு, மாங்குளத்தில் வைத்துத்தான் பஸ் அவளை எட்டிப் பிடித்தது என்று சொன்னாலும் நம்பலாம்.

கண்டாவளை ஒழுங்கைக்குள் இறங்கினவள் படலையைத் தட்டவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. நேரே குசினிக்குள் போனாள்.

முதல் நாள் அப்பா போனில் அழுத அழுகை அப்படி.

"பிள்ளை, உன்ர தம்பி பெண்சாதி நல்ல பாலைத் திரைய வைச்சு, அதைக் கிளாசில போட்டுக் காலமைச் சாப்பாடு எண்டு தாறாள். இளைச்சுப் போனன். நேற்றுக் கிணத்தடியில நிக்கேக்குள்ள ஒரு காத்து அடிச்சுது பார், என்னைத் தூக்கிக்கொண்டு போய் வாழையில சாத்திவிட்டிட்டுது."

அப்பா சுடலைமுத்தர் சொல்லும் எதிலும் பாதியைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ராஜினியும் கழித்துத்தான் பார்த்தாள். காற்றும் வாழையும் போனாலும் திரைந்த பால் மிச்சம் கிடந்தது.

தம்பி கிருபன் ஆனையிறவு உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இருந்திருந்தால் அவனுக்கும் ஏச்சுக் கிடைத்திருக்கும்.

அவன் மனைவி சிவதர்சினி கையும் களவுமாக அகப்பட்டாள். அடுப்பில் பால் பொங்கி வருகிறது. அதற்குள் தேசிக்காயைப் பிழிந்துகொண்டு நிற்கிறாள்.

"அப்ப உண்மைதான்," என்றாள் ராஜினி. "தானாத் திரைஞ்சாலே கூடாத சகுனம் எண்டு ஊத்திப் போடுறனாங்கள். நீ வேணுமெண்டு திரைய வைக்கிறாய்."

"வாங்கோ மச்சாள். தேத்தண்ணி போடட்டே?"

"இந்தப் பாலிலயோ?"

சிவதர்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். பாலைச் சீலைத் துண்டில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்தாள். துருவின தேங்காய்ப்பூப் போலப் பால்கட்டி உதிர்ந்தது. கிளாசின் அடியில் பப்பாப்பழம். அதன்மேல் பால்கட்டி. பிறகு மாம்பழம், திரும்பவும் பால்கட்டி, உச்சியில் மாதுளை முத்துகள். அலுமாரியில் இருந்து ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து, அதற்குள் இருந்த வறுத்த எள்ளில் ஒரு சிட்டிகை தூவினாள்.

ராஜினி ஏசி முடிக்க முதல் கிளாஸ் நிரம்பிவிட்டது.

அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். போன வருசம் அப்பா காய்ச்சலில் கிடந்தபோது, வர நேரமில்லை என்று பஸ் கொண்டக்டரிடம் அவள் கொடுத்து அனுப்பின பெட்டி அது.

"நான் அனுப்பின பெட்டிக்க எள்ளு. பிஸ்கட்டெல்லாம் ஆரின்ர வயித்துக்க போச்சு?"

"மாமாவுக்குப் பிறஷர் கூடவாம் எண்டு கிளினிக்கில சொன்னவை, மச்சாள். எண்ணெய், உப்பைக் குறைக்கட்டாம். அதுதான் இப்பிடி..."

"நீ கதையாதை. அப்பா, உடுப்பை எடுங்கோ. என்னோட வவுனியாவுக்கு வாறீங்கள். இனி இந்த வீட்டில இருக்கத் தேவையில்லை."

குசினி வாசலில் கதிரை போட்டு இருந்த சுடலைமுத்தர் திடுக்கிட்டுப் போனார். அவருடைய வண்டி வயிற்றைப் பார்த்தால், அவர் சாய்ந்திருந்தால் வாழைதான் விழுந்திருக்கும்.

"இண்டைக்கோ? ஏலாது பிள்ளை. கோழி அடை கிடக்குது. என்ர குரல் கேக்காட்டி முட்டையை விட்டிட்டு எழும்பிப் போயிடும்."

"அப்ப நாளைக்கு."

"நாளைக்கு வயலுக்கு யானை வரும். என்னைக் கண்டாத்தான் அது திரும்பிப் போகும். வேற ஆரும் நிண்டா, சுடலைமுத்தர் எங்க எண்டு கேட்டுக்கொண்டு நிக்கும்."

"இதைத் திண்டு திண்டு மூளையும் குழம்பிப் போச்சு." ராஜினி கிளாசைப் பறித்தாள். "என்ன நஞ்சு குடுக்கிறாள் எண்டு நான் பாக்கிறன்."

ஒரு கரண்டி வாய்க்குள் போனது. ஏசுவதற்கு வாய் காலியாக வேண்டுமே, விழுங்கினாள். உடனே இன்னொரு கரண்டி போனது. விடிய வெறுவயிற்றோடு பஸ் ஏறினவள். கரண்டி மாம்பழத்தைத் தாண்டி அடிப் பப்பாப்பழத்தைத் தொட்டபோது அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"ஒரு வாயெண்டாலும் மிச்சம் வையன், பிள்ளை. அது என்ர சாப்பாடு."

ராஜினியின் கை நின்றது. "உங்களுக்கு இது பிடிக்குமே?"

"இன்னொரு கிளாஸ் தா எண்டு நான் இவளோட சண்டை பிடிக்கிறனான்."

"பிறகேன் போனில அப்பிடி அழுதனீங்கள்?"

சுடலைமுத்தர் துவாயால் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார்.

"அந்த யானைகூட வருசத்துக்கு ஒருக்கா வந்து என்னைப் பாத்திட்டுப் போகுது, பிள்ளை."

ராஜினி மிச்சக் கிளாசை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"என்னைப் பாக்க ஆசையெண்டா, சுகமில்லை எண்டு சொல்லியிருக்கலாமே," என்றாள் ராஜினி. குரல் இறங்கிவிட்டது. "பாவம், இந்தப் பிள்ளையில ஏன் பழியைப் போட்டனீங்கள்?"

"நெஞ்சு நோகுது எண்டு சொல்லத்தான் நானும் வெளிக்கிட்டனான். இவள்தான் அது வேண்டாமெண்டு, பக்கத்தில நிண்டு எனக்குச் சொல்லித் தந்தவள்."

ராஜினி திரும்பிப் பார்த்தாள்.

சிவதர்சினி அடுத்த கிளாசுக்கு எள்ளுத் தூவிவிட்டு, பிஸ்கட் பெட்டியை மூடினாள்.

"வருத்தமெண்டா நீங்கள் பெட்டிதான் அனுப்புவியள், மச்சாள். மருமகள் கூடாதவள் எண்டாத்தான் நேரில வருவியள்."