அட்டை போட்டவர்கள் கேட்டால்

“வீட்டில் சாப்பாட்டுக்குச் சிரமம் இருக்காம்மா?”

“ஒரு குறையும் இல்ல சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் பாண்டிமீனாவுக்குத் தன் பேச்சு தன் காதில் விழுந்தது. எதிரே நின்று கேட்டது அனுப்பிரியா என்கிற சின்னப் பொண்ணு, சார் இல்லை. குறை இல்லை என்றதும் பொய்.

நெஞ்சு நோய் டாக்டர் இப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே ஒரு பொண்ணு கேள்வி கேட்கும், உள்ளதை உள்ளபடி சொல்லும்மா, கஷ்டப்படுறவங்களுக்கு மாசாமாசம் அரிசி பருப்பு, கேஸ் சிலிண்டர், வந்துபோக வண்டி எல்லாம் ஏற்பாடு பண்ணுவாங்க.

உள்ளதைச் சொல்லத்தான் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு முட்டி வெடிக் கம்பெனி வேலையை விட்டு நின்றதிலிருந்து ராத்திரி உலை வைப்பதில்லை.

ஆனால் அந்தப் பொண்ணின் கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கியது. கையில் தொடுதிரை டேப். முகத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்தே கேட்டாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அப்படி வந்து கேட்கிறவர்கள் ஒரே சாதிதான்: கம்பெனியைச் சோதனை போட வரும் ஆபீசர்கள். ஜீப் சத்தம் கேட்டதும் போர்மேன் ஓடிவருவான். “ஏ பிள்ளைகளா, அட்டை போட்டவன் என்ன கேட்டாலும் குறை ஒண்ணும் இல்ல சார். மேக்கொண்டு ஒரு வார்த்தை பேசுனீக, கம்பெனிக்குச் சீலு. அம்புட்டுப் பேரு வயித்துலயும் மண்ணு.”

போர்மேன்கள் மாறினார்கள். பாடம் மாறவில்லை.

“சமையல் கேஸா, விறகா?”

“கேஸ்தான் சார்.”

காலிச் சிலிண்டர் மேல் துணிமூட்டை கிடக்கிறது. விறகுப் புகையில் இருமி இருமித்தான் கஞ்சி வடிக்கிறாள்.

“ஆஸ்பத்திரிக்கு வந்துபோக?”

“வேன் வருது சார்.”

அது ஆட்களைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகிற வேன். முடியாதவளை அது எதற்கு ஏற்றப் போகிறது? டேப்பில் ஒவ்வொரு டிக்காக விழ விழ, அரிசி மூட்டை தள்ளித் தள்ளிப் போனது. பாண்டிமீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த கேள்விக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

“கடைசியா, உங்க வயசு?”

“பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்.”

பாதி நரைத்த தலை. பக்கத்தில் மூச்சிழுப்புக்காக வந்து உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை உபைதுல்லா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்பறமென்னம்மா, மாப்பிள்ளை பாத்துர வேண்டியதுதான்!”

பெஞ்சே சிரித்தது. அதில் இருந்த வெடிக் கம்பெனிப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

அனுப்பிரியா முதல் தடவையாக டேப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பாண்டிமீனாவைப் பார்த்தாள். அந்தப் பெண்களைப் பார்த்தாள். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

“அக்கா, எத்தனை வயசுல கம்பெனிக்குப் போனீங்க?”

இந்தக் கேள்விக்கு எந்தப் போர்மேனும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“ஒம்போது.”

அனுப்பிரியா போட்ட டிக் அத்தனையையும் அழித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.