சுவரைப் பார்த்த கரடிகள்

பழைய கரடி பொம்மைகளைச் சேகரிக்கும் ஞானதுரை, பியாட்ரிஸ் அம்மாளின் கண்ணாடி அலமாரி முன் நின்றார். ரோமம் உதிர்ந்த கரடிகள் எல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் அவரைப் பார்த்தது.

“எங்க குடும்பத்துல ஆளுக்கொரு கரடி. ஆள் போயிட்டா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வெச்சிருவோம்,” என்றாள் அவள். “இது என்னோடது. திருப்பி வைக்க இங்க யாருமில்ல. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க.”

இப்போது அவை ஞானதுரையின் வீட்டில், அதே வரிசையில். வருகிறவர்கள் முகத்தைக் காட்டச் சொன்னால் அவருக்கு எரிச்சல் வரும். ஞாயிறுதோறும் அவளுக்கு போன் செய்வார். “இருக்கேன்,” என்று சொல்லி வைத்துவிடுவாள்.

இன்று அவள் வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது; யாரும் எடுக்கவில்லை. அவருடைய இடக்கை அவளுடைய கரடியின் தோளில் இருக்கிறது. கையை எடுக்கவும் மனமில்லை, கரடியைத் திருப்பவும் மனமில்லை.