கலம் கேட்டு வந்தவர்

"எனக்கும் கலம் வேணும், மகள். ஆருக்குக் குடுக்கிறதெண்டாலும் முதல் பேரா என்ட பேரை எழுது."

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார் கோணாமலை. வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் இறங்கி நடந்து வந்திருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கலாஜினி சிங்கப்பூரில் ஓர் ஆய்வுகூடத்தில் படிப்பவள், மூன்று கிழமை லீவில் வந்திருந்தாள். திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, ஊரெல்லாம் என்ன சொல்லி வெச்சிருக்கிறீங்க?"

"உள்ளதைத்தான் சொன்ன நான்," என்றாள் பாலசுந்தரி, மீன் வெட்டுவதை நிறுத்தாமல். "என்ட மகள் கலம் செய்யிறாள், ஒரு தட்டில பத்து லட்சம் செய்யிறாள் எண்டு. பொய்யா?"

பொய் இல்லை. ஆனால் கலம் என்றால் உயிரியல் புத்தகத்தில் உயிரணு, கடற்கரையில் தோணி. சுனாமிக்குப் பிறகு நிரப்பிய நிவாரணப் படிவங்களில் எல்லாம் தோணியை 'மீன்பிடிக் கலம்' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். கோணாமலையின் தோணியைச் சுனாமி கொண்டுபோனது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாகரைச் சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, இந்த வளவில் கொட்டில் போட்டு இருந்த மூன்று மாதமும் அவர் அதைத் தவிர வேறு கதை கதைத்ததில்லை. ஊர் திரும்பிய பிறகு இன்றைக்குத்தான் வருகிறார். இப்போது போர் முழுவதுமே முடிந்து நாலு மாதம்.

"இரிங்க மாமா." கலாஜினி கதிரையை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்து முகத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"மாரிக்கு முதல் ஒருக்காக் கடலுக்கு இறங்கணும், மகள். இப்ப எவ்வளவு தூரமும் போகலாமாம். இத்தனை வருசத்துக்குப் பிறகு கடலைத் திறந்து விட்டிருக்கானுகள், நான் கரையில குந்தியிருக்கன்."

"விளங்குது மாமா. ஆனா..."

"உன்ட கலம் நல்லா உழைக்குமா? இடையில நிண்டுபோகாதே?"

பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்னகா பாலசுந்தரி, உன்ட மகள் எஞ்சினும் பூட்டியா குடுக்கிறாள்?"

"நீ உன்ட கறியைப் பாரு. அடிப்பிடிக்கப்போகுது."

கோணாமலை சிரிக்கவில்லை. "இன்னொண்டு கேக்கணும். புதுசு பழசோட சேர்ந்து ஓடுமா, இல்லாட்டித் தன்ட பாட்டில ஓடுமா?"

"பழசைத்தான் கடல் கொண்டு போயிட்டே, அண்ணன்! ரெண்டும் சேர்ந்து ஓடுறதெண்டா தண்ணிக்கு அடியிலதான் ஓடணும்!" என்றாள் கேதீஸ்வரி.

பாலசுந்தரிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலாஜினிக்குத்தான் சங்கடமாக இருந்தது. இவ்வளவு தூரம் நம்பி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டுமே. அவள் மடிக்கணினியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, நான் செய்யிறது தோணியில்ல. நம்மட உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். அதைத்தான் நாங்க கலம் எண்டு சொல்லுற. அதுல குருத்துக் கலம் எண்டு ஒண்டு கிடக்கு. எலும்பாகவும் ஆகல்ல, தோலாகவும் ஆகல்ல, இன்னும் எதுவாகவும் ஆகலாம். அதை உடம்புச் சூட்டில வெச்சு, இன்ன நாளைக்கு இன்ன மருந்தெண்டு ஊத்தி, இதயத் தசைக் கலமா மாத்துறம்."

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள், இதை மட்டும் தடக்காமல் சொன்னாள். திரையில் சாம்பல் நிறத்தில், கிழிந்த துணித்துண்டு போல ஏதோ ஒன்று சுருங்கி விரிந்தது. மறுபடி சுருங்கி விரிந்தது.

"பன்ரெண்டாம் நாள் காலமை போய்ப் பார்க்கிறன், இப்பிடித் துடிக்குது. ஒருத்தரும் தொடல்ல. தன்ட பாட்டில."

"பாத்தியா? என்ட மகள் உண்டாக்கின நெஞ்சு!" பாலசுந்தரி மீன் கையோடு வேலிப் பக்கம் திரும்பினாள்.

"கலியாணத்துக்கு முதலேயா?" என்றாள் கேதீஸ்வரி. ஆனால் அவளும் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, திரைக்கு முன்னால் குனிந்து நின்றாள். "அடி ஆத்தே. உசிரோடயா கிடக்கு?"

"இன்னொருக்காப் போடு," என்றார் கோணாமலை.

மூன்று தரம் போட்டுக் காட்டினாள். அவர் கண் எடுக்காமல் பார்த்தார்.

"நல்லாத் துடிக்குது, மகள். மெய்யாவே நல்லாத் துடிக்குது."

"ஆனா இதுவரைக்கும் எலிக்குத்தான் வெச்சுப் பாத்திருக்கிறம். மனிசருக்கு வர இன்னும் வருசங்கள் எடுக்கும்." கலாஜினி குரலைத் தணித்தாள். "உங்களுக்குத் தோணி தர எனக்கு வழியில்ல மாமா. குறை நினைக்காதீங்க."

"கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபருக்கு எழுதிக் குடுங்க அண்ணன்," என்றாள் கேதீஸ்வரி, இந்த முறை பகிடி இல்லாமல். "தோணியெல்லாம் அங்கதான் குடுக்கிற."

கோணாமலை கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தோணிக்கு ஆர் வந்த? நீ நெஞ்சுக்குக் கலம் செய்யிறாய் எண்டு வாகரையில கேள்விப்பட்டுத்தான் வந்த நான். நிவாரணத்தில தந்த தோணி ஒரு வருசமா மணலில கிடக்கு, தள்ளத்தான் ஏலாது, நெஞ்சுத்தசை அரைவாசி செத்துப்போச்சு, மறுகா வளராதெண்டு டொக்டர் கைவிட்டுட்டார்," என்றார். "எலிக்கு அடுத்த பேரா என்ட பேரை எழுது, மகள். உன்ட கலம் முதல்ல துடிக்கிறது நம்மட மட்டக்களப்பு நெஞ்சிலயா இருக்கட்டும்."