அழாமல் நுழைந்த பள்ளி

மூன்று மழலையர் பள்ளிகள் பார்த்தாயிற்று. மூன்றிலும் வாசலைக் கண்டதுமே பாப்பா அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். ஒரு மாதமாக வீட்டிலும் அதே கதைதான்.

நாலாவது பள்ளியில் கதவு திறந்ததும், அம்மாவின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். ஓடியவள், பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவின் மடியில் விழுந்து முகம் புதைத்துக்கொண்டாள். அழுகைச் சத்தமே இல்லை.

அம்மா கைப்பைக்குள் போனைத் தேடினாள்.

“புதுசா வர்ற எந்தக் குழந்தையும் இப்படி ஒட்டிக்கிட்டதில்ல,” என்று பிரின்சிபால் பூரித்துப்போனார். “எங்க ஸ்கூல் ராசி அப்படி.”

போனில் கணவன் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். “அழலையா? அப்புறம் என்ன யோசனை, சேர்த்துட்டு வா.”

“இல்லங்க, வேற ஸ்கூல் ஒண்ணு...”

“இன்னும் எத்தனைதான் பார்ப்ப? அவளுக்குப் பிடிச்சிருக்குல்ல?”

பிடித்திருந்தது. அதுதான் வினை.

பிரின்சிபால் விண்ணப்பம் எடுக்க உள்ளே போனதும், ஆயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

“பாப்பா இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாம நான் பாத்துக்கறேம்மா. இந்த வேலையிலேருந்தும் என்னை நிறுத்திடாதீங்க.”