நான்காவது பட்டன்

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தாள்.

பட்டன்கள் நெருக்கம். ஒன்றை மிதித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கியது.

வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைக்காரர் அடுத்ததைப் பிரித்தார்.

மிடி ஃபுட் கன்ட்ரோலர் என்று பெயர். காலால் மிதித்தே லேப்டாப்பிலிருந்து சத்தங்களை வரவழைக்கலாம். எல்லாம் ஷூ போட்டு வாசிக்கிறவர்களுக்குச் செய்த சாமான். கோயில் மேடையில் செருப்புக்கே இடமில்லை. கீபோர்டு அருள்தாஸ் வெறுங்காலோடுதான் மிதித்தாக வேண்டும். கால் தவறினால் பாட்டு குட்டிச்சுவர்.

அதனால்தான் அவளை அழைத்து வந்திருந்தார். பதினோரு வருடமாக அவருடைய இன்னிசைக் குழுவில் ஹம்மிங் பாடுகிறவள். "நீ சரின்னா சரிம்மா" என்பார். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை. இல்லை, நிறையவே.

மூன்றாவதாகப் பிரித்த கன்ட்ரோலர் அகலமாக இருந்தது. ரப்பர் பட்டன்கள். பாதத்துக்கு இதமாக இருந்தது.

அருள்தாஸ் தன் லேப்டாப்பை இணைத்தார். அதற்குள் போன் வந்தது. பேசியபடி தள்ளிப் போனார்.

அவள் சும்மா இருப்பாளா?

முதல் பட்டன், தபேலா. இரண்டாவது, வயலின்கள்.

மூன்றாவதை மிதித்தாள்.

அவளே பாடினாள்.

போன மாதம், சுருதி பார்க்க என்று சொல்லிப் பதிவு செய்த ஹம்மிங். அவள் மூச்சு வாங்கும் இடம் மட்டும் இல்லை. வெட்டி எடுத்திருந்தார்கள்.

காலை எடுத்தாள். பாட்டு நிற்கவில்லை. இனி மேடையில் அவள் நிற்கவே வேண்டியதில்லை.

"யாருங்க பாடுனது? அருமையா இருக்கே" என்றார் கடைக்காரர்.

அருள்தாஸ் ஓடி வந்தார். ஸ்பீக்கரை அணைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நெட்ல எடுத்ததுங்க."

ஜுரத்தோடு பாடியிருக்கிறாள். அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் பாடியிருக்கிறாள். ஒருநாள்கூட அவரை நட்டாற்றில் விட்டதில்லை. பக்கத்தில் நிற்கிறவளின் பெயரைச் சொல்ல அந்த மனுஷருக்கு வாய் வரவில்லை.

ஏமாற்றிவிட்டார்.

ஏமாற்றிவிட்டான்.

மனதுக்குள் அவள் அவனுக்குக் கொடுத்த முதல் 'ன்' அது.

ஸ்பீக்கரை மறுபடி போட்டாள். அவன் தடுக்கக் கை நீட்டினான். கடைக்காரர் பார்த்ததும் இழுத்துக்கொண்டான்.

நான்காவது பட்டன்.

புல்லாங்குழல். அந்தக் குழைவு குமரேசனைத் தவிர யாருக்கும் வராது. குழுவில் அவளுக்கு முன்னால் சேர்ந்தவர்.

குமரேசன் வெளியேதான் இருந்தார். வேன் நிறுத்த இடமில்லை என்று விரட்டிய போலீஸ்காரரிடம் அருள்தாஸுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்ததும் சிரித்தார். வாங்கியாயிற்றா என்று கையை ஆட்டிக் கேட்டார்.

அவள் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. நீங்களும் ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க."