இன்னும் பெரிய எழுத்தில்

"இன்னும் பெரிசா எழுது, கினேஸ்!" டான் பல்தசார் கைத்தடியால் ஏணியைத் தட்டினார். தொப்பிக் கடையின் வாசலில் புதுப் பெயர்ப்பலகை பாதி எழுதிய நிலையில் இருந்தது.

"இதுக்கு மேல பெரிசா எழுதினா மாட்ரிட்ல இருந்தே படிச்சிடலாம், முதலாளி," என்றான் ஏணியின் மேலிருந்த கினேஸ். "எக்ஸ்போசிதோ தொப்பிக் கடைன்னு மட்டும் போட்டா போதாதா?"

"போதாது. பல்தசாரும் முழுசா வரணும். இந்த ஹாயேன் ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஏதோ ஒரு எக்ஸ்போசிதோ தலையிலதான் விழும். இது எந்த எக்ஸ்போசிதோன்னு தெரிய வேண்டாமா?"

உள்ளேயிருந்து மகன் ஃபெர்மின் வேகமாக வந்தான். அவனுக்குப் பின்னால், அழுது சிவந்த கண்களோடு பேத்தி கசில்டா நின்றாள். ஞாயிற்றுக்கிழமை நோட்டரி வீட்டார் அவளைப் பெண் கேட்டு வருவதாக இருந்தார்கள்.

"அப்பா, இவ்வளவு சொல்லியும் அதே பேரை எழுதச் சொல்றீங்களா? பலகை மாறலேன்னா வர மாட்டோம்னு நோட்டரி வீட்டம்மா சொல்லிவிட்டிருக்காங்க."

"வராம இருக்கட்டும். வீட்டுல சூப் மிச்சம்."

"சிரிக்கிற விஷயமில்லப்பா! எக்ஸ்போசிதோன்னா என்ன? வெளியே போட்டது. பெத்தவளே வேண்டாம்னு அநாதை விடுதியில தள்ளிட்டுப் போன பிள்ளைக்கு வைக்கிற பேரு. 'அப்பன் பேர் தெரியாதவன் பேரை எங்க அழைப்பிதழ்ல அச்சடிக்க மாட்டோம்'னு சந்தையில நாலு பேர் நடுவுல சொல்லிட்டாங்க. நான் தலை குனிஞ்சு நின்னேன்."

"தொப்பி விக்கிறவன் தலை குனியக் கூடாது," என்றார் டான் பல்தசார். அவருடைய முதுகு கதவுச் சட்டத்தைப் போல நிமிர்ந்திருந்தது. கடைச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கைத்தடியால் சுட்டினார். "அங்க பாரு, கர்னலை. கியூபா போர்ல பதக்கம் வாங்கின மனுஷன். அவர் இந்தப் பேரைத் தாங்கினார். நீ தாங்க மாட்டியா?"

மீசையும் பதக்கங்களுமாக இருந்த அந்தக் கர்னல் டான் பல்தசாரின் தந்தை என்பது ஊரறிந்த செய்தி. எக்ஸ்போசிதோக்கள் எத்தனை பேர் இருந்தாலும் கர்னல் பெற்ற எக்ஸ்போசிதோ ஒருவர்தான்.

"அந்தக் கர்னலோட பாட்டனையோ முப்பாட்டனையோ யாரோ ஒருத்தி போட்டுட்டுப் போனதுக்கு எம்பொண்ணு தண்டனை அனுபவிக்கணுமா? பதிவாளர்கிட்ட ஒரு மனு போட்டா பேரை மாத்திக் கொடுத்துடறாங்க. சாந்தாமரியான்னு மாதா பேரையே வச்சுக்குவோம். எவ்வளவு கௌரவமான பேரு!"

"மாதா ஊருக்கெல்லாம் அம்மா. அவ பேரு எனக்கு எதுக்கு?"

அப்போது கறுப்பு உடையணிந்த ஒரு முதிய பெண் தெருவைக் கடந்து கடையருகே வந்தாள். டான் பல்தசார் பேச்சை நிறுத்தினார். மேயர் வந்தாலே நாற்காலியை விட்டு எழாத மனிதர், தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துக்கொண்டு, "பல்தசார் எக்ஸ்போசிதோ. உங்கள் ஊழியன், அம்மா," என்று உரக்கச் சொன்னார்.

அவள் ஒரு முழம் கறுப்பு நாடா கேட்டாள். கசில்டா வெட்டிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் தொப்பியைப் போடவில்லை.

"முதலாளிக்குக் கிழவின்னா உயிர்," என்று ஏணியின் மேலிருந்து சிரித்தான் கினேஸ். "குமரிங்க வந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்."

"நீ இறங்கு." ஃபெர்மின் அவனை இறக்கிவிட்டு, வெள்ளைச் சாய வாளியோடு தானே ஏறினான். "ஊர் என்ன வேணா சொல்லட்டும். இன்னைக்கு இதை அழிக்காம நான் இறங்கப் போறதில்லை."

"தாத்தா, ஒரு பேருதானே?" என்றாள் கசில்டா. "எனக்காக விட்டுக் கொடுக்கக் கூடாதா?"

தூரிகை முதல் எழுத்தைத் தொட்டது. டான் பல்தசார் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு ஏணியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"விடுங்கப்பா! யாருக்காக இந்த வீம்பு? செத்துப்போன கர்னலுக்காகவா?"

"கர்னலைப் பழைய சாமான் சந்தையில வாங்கினேன்."

தூரிகை அந்தரத்தில் நின்றது.

டான் பல்தசார் தெருவின் எதிர்ச்சுவரில், செங்கல் வைத்து அடைத்திருந்த சிறிய சதுரத்தைக் காட்டினார். பழைய அநாதை விடுதியின் சுவர் அது. "அங்கே ஒரு சுழல்பெட்டி இருந்துச்சு. வெளியே இருந்து பிள்ளையை வச்சுச் சுத்தி விட்டா உள்ளே போயிடும். மூணு ராஜாக்கள் திருநாள் விடியக்காலைல நான் அதுல கிடந்தேன். அதனால கன்னியாஸ்திரீங்க அந்த மூணு ராஜாக்கள்ல ஒருத்தரான பல்தசார் பேரை எனக்கு வச்சாங்க. எந்த நாள்ல வச்சோம்னு வச்சவளுக்கு மறக்காதில்ல?"

ஃபெர்மின் ஒரு படி இறங்கினான். "அப்பா... உங்களுக்கே எழுபது ஆகுது."

"சின்னப் பொண்ணாத்தான் இருந்திருப்பா. தொண்ணூறு கூட ஆகியிருக்காது."

அவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"இந்தப் பேரை அழிச்சிட்டா, எங்கம்மா என்னை எப்படிடா கண்டுபிடிப்பா?"